மடிக்காமல் வெட்டிய துணி

சோணைமுத்து ஃபோனில் சொன்னது இதுதான். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றேன்க்கா. புள்ளையச் சேலை கட்டி நிக்கச் சொல்லு." அவ்வளவுதான். மகள் நாகஜோதியின் தோளைப் பற்றி அவர்களிடம் சொல்லியாயிற்றா என்று அக்காக்காரி ராமாயி கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. அவசரத்துக்கு ஃபோன் எடுக்காத தம்பி ஒருவன் எல்லா வீட்டிலும் இருப்பான் போலிருக்கிறது.

தோள் விஷயம் இதுதான். நாகஜோதிக்கு இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தபோது, சின்ன வயதில், புளியமரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. முறிந்தது கோணலாகக் கூடிவிட்டது. வலி ஒன்றும் கிடையாது. இப்போது திருப்பூர் வேலம்பாளையத்து லைன் வீட்டிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்துப் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், நாள் முழுக்க நின்று தைத்து வந்த பீஸ்களைச் செக்கிங் பார்க்கிறாள், தண்ணீர்க் குடம் தூக்குகிறாள். ஆனால் சேலை முந்தானை வந்து உட்காருவது இடது தோளில்தானே! அங்கே அது உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

போன தை மாதம் தேனியிலிருந்து ஒரு வரன் வந்தது. ராமாயி கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டி ஒரு பேடு செய்து, மகளின் இடது தோளுக்குள் வைத்துவிட்டாள். பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்த பெண்ணின் முதுகுக்கு அது நகர்ந்துவிட்டது. வந்தவர்களில் ஒருத்தி வாய்விட்டே சிரித்தாள். "குறை இருந்தாப் பொறுத்துக்கலாம். மறைச்சா எப்படிங்க?" என்று எழுந்து போய்விட்டார்கள். அன்றிலிருந்து நாகஜோதி சேலையே கட்டவில்லை.

இன்று கட்டியாக வேண்டும்.

"திரும்புடி" என்றாள் ராமாயி.

நாகஜோதி திரும்பினாள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சேலை. கூடவே வந்த துணியில் அப்பா வீரணன் நேற்றுத் தைத்த ரவிக்கை. வீரணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய தையல் பிரிந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் ரவிக்கை வலது பக்கம் பிடித்தது, இடது பக்கம் தொங்கியது. அக்குளுக்குக் கீழே துணி சுருண்டது. முந்தானையைப் போட்ட கையோடு அது முழங்கைக்கு இறங்கிவிட்டது.

ராமாயி பெருமூச்சு விட்டுவிட்டு, தலையணை ஓரத்தைப் பிரித்துக் கொஞ்சம் வேஸ்ட் துணி எடுத்தாள். திருப்பூரில் தலையணைக்குள் இருப்பதும் அதுதான், அடுப்புத் துடைப்பதும் அதுதான்.

"இந்தத் தடவை உள்ள வச்சுத் தைச்சிருவோம். நகராது."

"வேணாம்மா."

"முடிவாகுற வரைக்கும்தாண்டி. பெறகு பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"எப்ப? தாலி கட்டுன பெறகா?"

ராமாயியின் கை நின்றது. "எனக்கு மட்டும் மறைக்கணும்னு ஆசையா? இன்னொரு தடவை எவளாவது உன்னைப் பார்த்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாதுடி" என்றாள்.

நாகஜோதிக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு நைட்டிக்கு மாறி, கழற்றிய ரவிக்கையோடு வாசலுக்குப் போனாள். வீரணன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அளவு சரியில்லைன்னு செக்கிங்ல நான் ஒரு பீஸைத் தள்ளிட்டா, அதுக்குள்ள துணிய அடைச்சு, சரியா இருக்குன்னு அனுப்புவீங்களா?"

"வெளிநாட்டுப் பையர்காரன் கம்பெனியையே மூடிருவான் தாயி."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

வீரணன் டம்ளரைக் கீழே வைத்தார். ரவிக்கையை வாங்கி உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தார். தையலில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் ராமாயி, இதுக்கு எந்த அளவு ரவிக்கையக் குடுத்த?"

"எப்பவும் குடுக்குற பச்சைதான்."

"அந்தப் பச்சைய எதை வச்சு வெட்டுனேன்?"

"அதுக்கு முந்தி ஊதா ஒண்ணு இருந்துச்சுல்ல."

"அந்த ஊதா?"

"அது என் கல்யாண ரவிக்கையப் புடிச்சுத் தைச்சது. இடுப்புல மட்டும் குறைச்சீக."

வீரணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆணியில் அளவு நாடா தொங்குகிற வீடு. புருஷன் வெட்டுகிறவன், மகள் அளந்து பார்க்கிறவள். வெளிநாட்டில் யாரோ முகம் தெரியாத பெண்ணுக்குத் தோள், கை, கழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வைத்து அனுப்புகிறார்கள். சொந்த மகளை இதுவரை யாரும் அளந்ததில்லை. ஒரு ரவிக்கையைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று என்று அம்மாவின் தோளையே மகள் இத்தனை நாளும் சுமந்திருக்கிறாள்.

"ராமாயி, நாடாவ எடு. புள்ளைய அளக்கணும்."

வயசுக்கு வந்த மகளை அப்பா அளக்க முடியுமா? வாசல் திரையை இழுத்துவிட்டார்கள். உள்ளே ராமாயி நாடா பிடித்தாள். வெளியே வீரணன் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார். தெருவில் போன இட்லி மாவுக்காரர் தனக்குத்தான் ஏதோ சொல்கிறார் என்று சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"கழுத்தடியில இருந்து தோள் நுனி. வலது மொதல்ல."

ராமாயி சொன்னாள்.

"இப்ப இடது. நாடாவ இழுக்காத, படிய விடு."

அதையும் சொன்னாள். வீரணன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். திரைக்கு உள்ளே நாகஜோதி காத்திருந்தாள்.

"என்னப்பா?"

"ஒண்ணே கால் இஞ்சு வித்தியாசம் இருக்கு தாயி. சரிவும் வேற. முதுகுப் பக்கமும் ஒண்ணு போல இல்ல." அவர் மெதுவாகப் பேசினார். "நான் துணிய ரெண்டா மடிச்சுப் போட்டுத்தான் வெட்டுவேன். மடிச்சு வெட்டுனா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும். கம்பெனியில அப்படி வந்தாத்தான் பாஸு. உனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா அது தப்பு. இது ஏன் எனக்குத் தோணல?"

எழுந்து சட்டையை மாட்டினார்.

"கெளம்பு. புதுத் துணி எடுக்கணும். இதைப் பிரிச்சுத் தைக்க உள்மடிப்புல துணி இல்ல."

"இப்பப் போயி, வந்து, எப்பத் தைச்சு முடிப்பீக? அவுக சாயங்காலம் வந்துருவாகளே!" என்று ராமாயி பதறினாள். அவர்களுடைய டி.வி.எஸ். அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்க் கடைவீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனிகள் எல்லாம் லீவு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். அப்பாவும் மகளும் முட்டி மோதி ஒரு மேட்சிங் சென்டருக்குள் நுழைந்தார்கள். கடைக்காரப் பையன் சேலை பார்டரைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு அரக்கைத் தூக்கிப் போட்டான். பார்டர் எங்கே, துணி எங்கே என்று தெரியாத அளவுக்குப் பொருந்தியது.

"இதையேதானுங்ணா எல்லாரும் எடுக்கறாங்க. அப்படியே மேட்ச்சிங்."

வீரணன் துணியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்து லேசாக இழுத்தார். இழைகள் விலகிக்கொண்டன. வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஒரு தடவை கையத் தூக்குனா தையல் ஓரத்துல பல்லு இளிச்சுரும். வேற போடுப்பா."

அடுத்தது கெட்டியாக இருந்தது. நாகஜோதி தன் கைக்குட்டையில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். கைக்குட்டை சிவந்துவிட்டது.

"சாயம் போகுதுங்க. மஞ்சள் சேலைக்கு இது ஆகாது."

பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அக்கா, நீங்க எடுக்க வந்தீங்களா, இன்ஸ்பெக்ஷன் பண்ண வந்தீங்களா?"

"பழக்கதோஷம் தம்பி" என்று நாகஜோதி சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டு அடியிலிருந்து ஒரு டூ பை டூ பருத்தித் துணி எடுத்துப் போட்டான். பார்டரைவிட ஒரு படி கறுத்த அரக்கு. இழை நெருக்கமாக இருந்தது. கசக்கி விட்டால் நிமிர்ந்துகொண்டது. ஈரத் துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நிறம் சேரலையே தாயி" என்றார் வீரணன்.

"கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கட்டும்ப்பா. சேராத மாதிரி தெரிஞ்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. துணி நல்லா இருக்கு. எனக்கு இதுதான் வேணும்."

எனக்கு இதுதான் வேணும் என்று மகள் சொல்லி வீரணன் கேட்டு வெகுகாலமாயிற்று. தேனிக்காரர்கள் வந்து போன பிறகு அவள் எதையும் கேட்பதில்லை, எது கொடுத்தாலும் சரி என்பாள். அவர் பேரம் பேசாமல் வாங்கினார். லைனிங் துணியும் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் எப்போது இருந்தது என்று சொல்வதுதான் சுலபம். துணியை நனைத்துச் சுருக்கம் பார்த்துத் தேய்த்தால்தான் வெட்டுவேன் என்று வீரணன் பிடிவாதம் பிடித்தார். நாகஜோதி தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓடினாள். கரிப்பெட்டியில் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுவந்தாள்.

வீரணன் தரையில் பேப்பர் விரித்தார். துணியைப் போட்டார். கை தன்னால் துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மடித்தது.

"அப்பா."

"ம்?" பார்த்துவிட்டு அவரே விரித்தார். சாக்பீஸால் வலது பக்கத்தை வரைந்தார். வெட்டினார். இடது பக்கத்துக்கு வந்ததும் கத்திரிக்கோல் நின்றுவிட்டது.

"கை வர மாட்டேங்குது தாயி. ரெண்டு பக்கம் ரெண்டு விதமா வெட்டுனா ரிஜெக்டுன்னே பழகிப் போச்சு."

நாகஜோதி அவர் எதிரே உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பீஸைச் செக் பண்றது நான்தானே. நான் பாஸ் போட்டுட்டேன். வெட்டுங்க."

அவர் வெட்டினார். மிதி மிஷினுக்குக் கரண்ட் தேவையில்லை. அது ஓட ஆரம்பித்ததும் ராமாயி வந்து நின்று பார்த்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் ரவிக்கை மிஷினை விட்டு இறங்கியதும் ஊசி நூலை எடுத்துக் கொக்கி வைத்தது அவள்தான். கோபத்தில் தைத்தாலும் கொக்கி உறுதியாகத்தான் இருந்தது.

லைன் வீடுகளில் முகம் பார்க்கிற கண்ணாடிதான் இருக்கும். வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் வீட்டில் பீரோவில் ஆள் உயரக் கண்ணாடி உண்டு. அதனால் நாகஜோதி சேலையோடு அங்கே போனாள்.

"வா கண்ணு, வா. எங்கூட்டுல வந்து கட்டிக்கோ. வெளிச்சமா இருக்கும்" என்று சுப்பாத்தாள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நாகஜோதி கட்டிமுடித்துக் கண்ணாடி முன்னால் நின்றாள். தோள் இறங்கித்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கலாம். ஆனால் ரவிக்கை அந்தத் தோளோடு இறங்கி, அதன் மேல் படிந்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் அக்குள் வரை வந்து முடிந்திருந்தது. கையைத் தூக்கினாள். துணி தடுக்கவில்லை. குனிந்தாள், நிமிர்ந்தாள், வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றினாள். முந்தானை இருந்த இடத்தில் இருந்தது.

இத்தனை நாளும் தன் உடம்புதான் கோணல் என்று நினைத்திருந்தாள். கோணல் துணியில் இருந்திருக்கிறது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஏனுங்க ராமாயி" என்று சுப்பாத்தாள் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வந்து உங்க பொண்ணைப் பாருங்க. என்ன அம்சமா நிக்குதுன்னு!"

ராமாயி வந்தாள். மகளைப் பார்த்தாள், கண்ணாடியில் இருந்த மகளையும் பார்த்தாள். அருகே போய் முந்தானை மடிப்பைத் தொட்டாள். சரிசெய்ய ஒன்றுமில்லை. கையில் அதுவரை சுருட்டி வைத்திருந்த வேஸ்ட் துணியை உதறிப் பிரித்தாள்.

"காபி டம்ளர் எல்லாம் தூசியா இருக்கு. துடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தாள்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒச்சாயி, மாப்பிள்ளை முனீஸ், இரண்டு பேருக்கும் முன்னால் பல்லெல்லாம் தெரிய சோணைமுத்து. முனீஸுக்கு அப்பா இல்லை. அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் பார்க்கிறான்.

ராமாயி தம்பியை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். "சொன்னியாடா?"

"சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். பஸ்ல ஒரே கூட்டம்."

"அடப்பாவி!"

"அதைவிட ஒண்ணு இருக்கு. ஒச்சாயிம்மாவோட அண்ணன் ராக்கையா, தன் மகளைத்தான் முனீஸுக்குக் கட்டணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மொறைப் பொண்ணு. வழி பூரா ஃபோன் மேல ஃபோன். இந்தம்மா கட் பண்ணிட்டே வருது."

ராமாயி தலையில் அடித்துக்கொண்டு காபியை டம்ளர்களில் ஊற்றினாள்.

கூடத்தில் ஃபேன் நின்றிருந்தது. முனீஸ் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். கைக்குட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் சட்டையின் மேல் பித்தானைத் திறக்கவில்லை. நாகஜோதி காபித் தட்டோடு வந்தாள். செக்கிங்கில் நிற்கிறவள் கண் சும்மா இருக்குமா? மார்பு புடைத்துச் சட்டை இறுகியிருந்தது. ஆனால் காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து கிடந்தது. மணிக்கட்டு ஒல்லியாக இருந்தது. இது எந்த அளவிலும் சேராதே என்று அவளுக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. குனிந்து டம்ளரைக் கொடுத்தாள். நிமிர்ந்தாள். முந்தானை அசையவில்லை.

ஒச்சாயி டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் பக்கத்தில் மனசுக்குப் பிடித்தால்தான் பெண் வீட்டில் வாய் நனைப்பார்கள். அவள் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அந்தத் தோளு…"

சோணைமுத்து மேலே ஓடாத ஃபேனை ஆராய்ந்தான். ராமாயி வாயைத் திறப்பதற்குள் நாகஜோதியே பேசினாள்.

"சின்ன வயசுல மரத்துல இருந்து விழுந்துட்டேங்க. எலும்பு இப்படிக் கூடிருச்சு. வலி கிடையாது. எல்லா வேலையும் செய்வேன். ஆனா தோள் இப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு ஒச்சாயியை நேராகப் பார்த்தாள்.

"இங்கிட்டு வா."

ஒச்சாயி அவள் இடது தோளில் கை வைத்தாள். விரலால் அழுத்தினாள். முன்னால், மேலே, முதுகுப் பக்கம் என்று அழுத்திப் பார்த்தாள். ரவிக்கைத் துணி, அதன் கீழே எலும்பு. வேறொன்றும் இல்லை. அவள் முகம் என்னவோ போலாகிவிட்டது.

"யாரு தைச்சது?"

"நான்தாங்க" என்றார் வீரணன்.

ஒச்சாயி கையை எடுத்துக்கொண்டாள். மகனை ஒரு பார்வை பார்த்தாள். சட்டென்று எழுந்துவிட்டாள்.

"சரிங்க. போயிட்டுச் சொல்லி விடுறோம். வாடா முனீஸு."

பெண் வீட்டார் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த வாக்கியம் அது. காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் படியிறங்கித் தெருவில் நடந்தார்கள். ராமாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் சொன்னேனே. சொன்னேனே" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அழாதம்மா" என்றாள் நாகஜோதி. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தேனிக்காரர்கள் போனபோது உடம்பு முழுக்கக் கூசியது. இன்று அது இல்லை. வருத்தம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் கழற்றி எறிய வேண்டியது எதுவும் உடம்பில் இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. முனீஸ் நின்றுகொண்டிருந்தான்.

"கைக்குட்டைய விட்டுட்டேன்" என்றான். கைக்குட்டை அவன் கையிலேயே இருந்தது. அதை அவனும் பார்த்தான். பிறகு வீரணனிடம் நேராக வந்தான்.

"மாமா, எனக்கு ஒரு சட்டை வெட்டித் தருவீங்களா?"

வீரணனுக்கு அவன் கேட்டது காதில் விழுந்ததா, கூப்பிட்ட முறை விழுந்ததா என்று தெரியவில்லை. விழித்தார்.

"அ… அளவு சட்டை கொண்டாந்தாத் தைச்சுத் தரலாம்."

"அளவு சட்டையே கிடையாது மாமா. ஆளைத்தான் அளக்கணும்." முனீஸ் நாகஜோதியைப் பார்த்தான். பார்த்துவிட்டு மேல் பித்தானைத் திறந்தான். உள்ளே ஒரு பனியன் தெரிந்தது. அதன் கழுத்துக்குள் இன்னொரு பனியனின் கழுத்து. அதற்குள்ளும் ஒன்று.

"மூணு" என்றான். "நான் ஒல்லி. போன எடத்துல எல்லாம் காத்துல பறந்துருவான்னு சொல்லிட்டாங்க. அதான் அம்மா மாட்டி விட்டாங்க. பஸ்ல வரும்போதே செத்துட்டேன். நீங்க உங்க தோளை அப்படியே சொன்னீங்க. எனக்கு இதோட நிக்க முடியல."

நாகஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. சிரிப்பு வெடித்துவிட்டது. முனீஸும் சிரித்தான். காலர் எதற்குத் தளர்ந்து கிடந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. அழுதுகொண்டிருந்த ராமாயி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீரணன் ஆணியிலிருந்து நாடாவை எடுத்தார். "அந்த ரெண்டைக் கழட்டுங்க மாப்பிள்ளை. ஒண்ணு இருக்கட்டும்."

முனீஸ் கழற்றிய பனியன்கள் நாற்காலியில் விழுந்தபோதுதான் ஒச்சாயி வாசலுக்கு வந்தாள். போன மகனைக் காணோமே என்று தேடி வந்தவள். சோணைமுத்து பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். ஒச்சாயி பனியன்களைப் பார்த்தாள், குச்சியாக நிற்கிற மகனைப் பார்த்தாள், அவன் தோளில் நாடா பிடித்திருக்கிற வீரணனைப் பார்த்தாள்.

அவள் உள்ளே வந்து, எழுந்துபோன அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தேனிக் கதை என் காதுக்கு எப்பவோ வந்துருச்சு" என்றாள் ராமாயியிடம். "தோளு இப்படின்னும் தெரியும், பேடு வச்ச கதையும் தெரியும். தோளுக்காக நான் யோசிக்கல. மறுபடியும் மறைக்கிறீகளான்னு பார்க்கத்தான் வந்தேன். கை வச்சுப் பார்த்தா நீங்க எதையும் வைக்கல. வச்சது நான். இவன் அங்க வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கான், நான் உங்க புள்ளையத் தடவிச் சோதிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு அவமானமாப் போச்சு. அதான் எந்திரிச்சுப் போனேன்."

ராமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்ததும் அவளுக்குத் தோன்றிய ஒரே வேலை, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவதுதான். சூடாக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். ஒச்சாயி டம்ளரை வாங்கினாள். எல்லோருடைய கண்ணும் அந்த டம்ளர் மேல் இருந்தது. அவள் அதை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

மடியிலிருந்த ஃபோன் அடித்தது.

ஒச்சாயி எடுத்துப் பார்த்தாள். வழியெல்லாம் கட் பண்ணிக்கொண்டு வந்தவள் இப்போது கட் பண்ணவில்லை. தன் அண்ணன் ராக்கையாவின் பேர் மின்னி மின்னி அணைகிற அந்த ஃபோனை மகனிடம் நீட்டினாள்.

"உன் மாமன்தான். இனி நான் மறைக்க மாட்டேன். அவர் மகளைக் கட்டுறியா, இந்தப் புள்ளையக் கட்டுறியான்னு நீயே சொல்லு."

சொல்லிவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்தாள்.

முனீஸ் ஃபோனை வாங்கினான். ஒற்றைப் பனியனோடு, வீரணனின் நாடா தோளில் தொங்க, அவன் நாகஜோதியைப் பார்த்தான். அவள் முந்தானையைப் பிடிக்காமல், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவன் பச்சைப் பித்தானை அழுத்தினான்.

"மாமா, நான் முனீஸ் பேசுறேன்" என்றான்.